காற்றாட ஒரு வீடு

வீட்டின் மேற்குப் பக்கத்துக் கால்கள் சேற்றில் ஒரு சாண் இறங்கியிருந்தன. ஐயாசாமி குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெற்றிலை துப்பக் குனிந்த ஆளைப் போல வீடு சாய்ந்து நின்றது.

"அலமாக், அட தெய்வமே. பேசாம கல்லு வீடா கட்டியிருக்கலாம்லா, மண்டோரே," என்றான் தச்சன் வேலு.

"கல்லு வெயிலைக் குடிச்சு வச்சுக்கும்டா. ராசம்மாவுக்கு ஆகாது."

ராசம்மா அவர் பெண்டாட்டி. பெக்கான் நானாஸ் கடைத்தெருவில், தகரக் கூரை போட்ட வாடகை வீட்டில் புழுங்கித் தவித்தவள். சுவரில் ஒரே ஒரு ஜன்னல் வெட்டித் தரச் சொல்லி நடையாய் நடந்தாள். ஜன்னலைச் சோற்றில் பிசைந்து தின்னப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார் மனுஷர். பங்குனி வெயிலில் ஒருநாள், துணிமூட்டையும் கையுமாக உலு திராமில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் தனியாகப் படுத்துப் பார்த்தபோதுதான் ஐயாசாமிக்கு உறைத்தது. இந்த அடுப்பிலா ஒருத்தியைப் போட்டு வைத்திருந்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது. குளிர்ச்சியாக ஒரு வீடு கட்டி, அவளைக் கையோடு கூட்டி வருகிற வரையில் இங்கே கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வெகு உள்ளே தாம் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, வேலை பார்க்கும் அன்னாசித் தோட்டத்துக்கே குடிபோய்விட்டார். கடைத்தெருப் பக்கம் அப்புறம் தலைகாட்டவே இல்லை.

அத்தாப்பு ஓலைக் கூரை, கடல் காற்றுக்கு நேராகப் பெரிய ஜன்னல் என்றுதான் அங்கே வீட்டை ஆரம்பித்தார். காற்றோடு மழையும் உள்ளே வந்து பாயை நனைத்தது. தாழ்வாரத்தை நீட்டினார். பாரம் தாங்காமல்தான் இப்போது கால்கள் இறங்கிவிட்டன, அந்தச் சதுப்பு மண் அப்படி. பலகைச் சுவரைப் பிரித்துவிட்டு மூங்கில் தட்டி வைத்து, கால்களை உயர்த்தினார். அடியில் நிழல் விழுந்ததும் வேலுவின் ஆடுகள் வந்து படுத்துக்கொண்டன. ஆடுகளோடு கொசு வந்தது. கொசுவுக்கு மூட்டம் போட்டார், புகை மூங்கில் தரையின் இடுக்கு வழியாக வீட்டுக்குள் ஏறியது.

"ராசம்மாவுக்குக் கட்டுறீங்களா, கருவாட்டுக்குக் கட்டுறீங்களா?" என்றான் வேலு.

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஐயாசாமி கூரை உச்சியில் ஒரு திறப்பு வெட்டினார். புகை போயிற்று. கூடவே சூடும் போயிற்று. உச்சி வெயிலில் வீடு சிலுசிலுவென்று இருந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை நாள் இதை ஏன் அவளுக்குச் செய்யாமல் போனோம் என்று வேலு எதிரிலேயே மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உலு திராமுக்குப் போனார். மச்சினன் பெண்டாட்டி பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லக்கூட அவளை விடவில்லை.

"தப்பு என்னோடதும்மா. ஒரு ஜன்னல் கேட்டா, நான் சிரிச்சேன். இப்ப நாலு பக்கமும் ஜன்னல் வச்சுக் கட்டிட்டேன். அவளைக் கூப்பிடு, காலில வேணும்னாலும் விழறேன்."

பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணி மறுவாரமே வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்களே, அண்ணே. நீங்கதான் கோவிச்சுக்கிட்டு ஓடிட்டீங்கன்னு அந்தத் தகரக் கூரைக்கு அடியில உட்கார்ந்து இன்னமும் அழுதுக்கிட்டிருக்காங்க."