ஒற்றைக் காலேஜ் போட்ட தம்பிக்கு

பெரியநாயக்கன்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மிச்சமில்லாத தம்பி வேலுமணிக்கு, அக்கா ராமாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மச்சான், உன் அக்கா மகள் யுவஸ்ரீ மூன்று பேரும் நலமாக இல்லை. அங்கே பவானியில் மாமனார் வீட்டில் நீயும் உன் சம்சாரமும் நலமாக இருந்தால் அதை உடனே நிறுத்திக்கொள்ளவும்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றப் போனவள் நான். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவதோடு என் எழுத்து வேலை சரி. ஆகையால் இதில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். திட்டில் பிழை இருக்காது. இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று கேட்பாய். என்ன செய்வது, உனக்குப் போன் போட்டால் ஆஃப். உன் சம்சாரம் லோகநாயகிக்குப் போட்டால், “அவரு குளிக்கறாருங்க அண்ணி” என்கிறாள். சனிக்கிழமையும் குளித்தாய், ஞாயிற்றுக்கிழமையும் குளித்தாய், நேற்றும் குளித்தாய். பக்கத்தில் கூடுதுறை இருக்கிறது என்பதற்காக ஒரு மனுஷன் இப்படியா குளிப்பான்? செய்த பாவத்துக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டும்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நேரில் வரலாம் என்றால் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, லீவு இல்லை. வந்தாலும் உன் மாமனார் எதிரிலேயே உன்னை அடித்துப்போடுவேன், அவர் பாவம், நல்ல மனுஷன், பயந்துபோவார். பக்கத்து வீட்டு சஃபியா அக்கா நாளைக் காலையில் கடைக்கு ஜமக்காளம் எடுக்கப் பவானி வருகிறார். வாய்ச் சொல்லாகச் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால் அவருக்குத் திட்ட வராது. “உங்க அக்கா கொஞ்சம் வருத்தமா இருக்காங்க தம்பி” என்று முடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அதனால்தான் கடுதாசி. இதை பிளாக் பண்ண முடியாது.

யுவஸ்ரீ நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று ஒன்பதாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். அவள் அப்பனுடைய விரல் மிஷின் பெல்ட்டில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நானும் நீயும் மூலைக்கு ஒருவராக அழுதுகொண்டிருந்தோம், இவள் மட்டும் அந்த நர்ஸம்மா கட்டுப் பிரித்துக் கட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ மயங்கி விழுந்ததும், உன்னைப் பக்கத்துக் கட்டிலில் போட்டதும் வேறு கதை, அதை இப்போது எடுக்கவில்லை. மார்க்கில் குறைவா? இல்லை. கட் ஆஃப் நல்ல கட் ஆஃப் என்று ஸ்கூல் டீச்சரே சொன்னார். கம்ப்யூட்டரில் காலேஜ் பெயர்களை வரிசையாகப் போட வேண்டும், மார்க்கைப் பார்த்து அதில் ஒன்றை அவர்கள் கொடுப்பார்கள், அவ்வளவுதான் வேலை. அது எனக்கும் தெரியாது, உன் மச்சானுக்கும் தெரியாது. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிற கல்யாணத் தரகன், நாலு இடம் போய் நாலு பேரோடு பேசத் தெரிந்தவன் என்று உன்னைக் கூப்பிட்டேன் பார், அங்கே ஆரம்பித்தது எனக்குக் கேடு.

பஸ் ஸ்டாப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நீ பண்ணிய கூத்தை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அங்கே இருக்கிற நவ்யா என்கிற பெண், “காலேஜ் பேரெல்லாம் சொல்லுங்ண்ணா, போட்டுத் தர்றேன்” என்றாள். நீ கோயம்புத்தூரில் இருக்கிற பெரிய நர்ஸிங் காலேஜ் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அவளுக்குப் புரியவில்லை.

“அடுத்ததுங்ண்ணா?”

“அடுத்ததுன்னு ஒண்ணுமில்ல அம்மணி. அதொண்ணுதான்.”

“ஐயோ, எல்லாரும் முப்பது நாப்பது போடறாங்ண்ணா. அந்தக் காலேஜுக்கு அடிதடியா இருக்குமுங்க.”

அதற்கு நீ ஜாதகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நியாயம் பேசினாய். “ஏனம்மணி, ஒரு ஊட்டுல பேச்சு நடக்கறப்ப இன்னொரு ஊட்டுக்கும் சாதகம் குடுத்தமுன்னா, மொத ஊட்டுக்காரங்க காதுக்குப் போவாதா? போனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

“இது கம்ப்யூட்டருங்ண்ணா. அது ஒண்ணும் நெனைக்காதுங்க.”

“கம்ப்யூட்டரு நெனைக்காது. அதுக்குப் பின்னால உக்கோந்திருக்கறவன் நெனைப்பானல்லொ?”

நவ்யா என் முகத்தைப் பார்த்தாள். நானும், “அதானே, நம்ம புள்ளைய நாப்பது ஊட்டுல காட்டிட்டுத் திரியறதா?” என்று தலையாட்டினேன். எனக்கு அறிவில்லை, ஐந்தாவது. நீ பத்தாவதாச்சே, ஃபெயிலானாலும் பத்தாவது பத்தாவதுதானே? யுவஸ்ரீ ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பொருத்தம் பார்த்த வீட்டில் பூ வைத்துவிட்டு வருகிறவனைப் போல நீ எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, “அந்தக் காலேஜ் ஆபீஸ்ல ஒருத்தரு இருக்காருங்க்கா, அவரு பையனுக்கு நாந்தான் பொண்ணு பாக்கறேன், மூணு சாதகம் காட்டியிருக்கறேன், ரெண்டு பொருந்துது, சீட்டு எங்க போயிரும்?” என்றாய். வரும் வழியில் பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தாய். அந்த பன்னை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதோடு விட்டாயா? மேட்டுப்பாளையம் ரோட்டில் உனக்குத் தெரிந்தவன் ஒருத்தன் பாக்கியில்லாமல், “எங்கக்கா புள்ள நர்ஸாயிட்டா” என்று தம்பட்டம் அடித்துவிட்டாய். பிள்ளை இன்னும் காலேஜ் வாசலை மிதிக்கவில்லை, அதற்குள் வீட்டில் கூட்டம். காது வலி என்று ஒருத்தர், கால் மரத்துப்போகிறது என்று ஒருத்தர். உன் மச்சானுடைய சித்தப்பா ஒருவர் சர்க்கரை ஊசியை டப்பாவோடு கொண்டுவந்து, “கண்ணு, நீயே போட்டுடு, கைராசி எப்படின்னு பாக்கலாம்” என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். “தாத்தா, நான் படிக்கவே இல்லீங்க” என்று அவள் ஓட, “படிச்சுட்டா காசு கேப்ப கண்ணு” என்று அவர் விரட்ட, அவளைக் காப்பாற்ற நான் துடைப்பத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. ‘இடம் ஒதுக்கப்படவில்லை’ என்று இரண்டே வார்த்தை. நான் முதலில், சரி, இன்னைக்கு ஒதுக்கவில்லை, நாளைக்கு ஒதுக்குவார்கள் என்று நினைத்து, “சாயங்காலம் மறுபடியும் பாரு கண்ணு” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்த பாத்திரத்தையும் எடுத்துக் கழுவினாள். அலமாரியிலிருந்து விருந்தாளிக்கு வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டெல்லாம் இறக்கிக் கழுவினாள். உன் மச்சான் போய்க் குழாயை மூடினார். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இதைப் படிக்கும்போதாவது உனக்கு உறைக்கிறதா இல்லையா?

அடுத்த நாளே துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். நான் ஜோடித்துச் சொல்லவில்லை, இழவு வீட்டுக்கு வருவதுபோலவேதான் வந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். போத்தனூர் பெரியம்மா மூக்கை உறிஞ்சி, “எப்ப கண்ணு ஆச்சு?” என்றது. வெள்ளிக்கிழமை என்றேன். “கடைசியா என்ன சொல்லுச்சு?” என்றது. கம்ப்யூட்டர் சொன்ன இரண்டு வார்த்தையைச் சொன்னேன். “போனது போவட்டும், இருக்கறவங்களைப் பாரு” என்று என் முதுகைத் தடவியது. பெரியம்மா, யாரும் சாகலை என்று கத்தலாம் போல இருந்தது. கூடவே வந்த மாமியார் வகையறா ஒன்று, “இனி என்னத்துக்குப் படிப்பு, காரமடைப் பக்கம் ஒரு பையன், சொந்தமா லேத்து வெச்சிருக்கான்” என்று ஆரம்பித்தது. யுவஸ்ரீ உள்ளேயிருந்து வந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டே, “லேத்துல விரல் போச்சுன்னா கட்டுப் போட ஆளு வேணுமில்லீங்க? மொதல்ல படிச்சுட்டு வாரேன்” என்றாள். என் பிள்ளை என் பிள்ளைதான். ஆனால் அவர்கள் போனபிறகு அந்த ஆரஞ்சு உரித்தபடியே தட்டில் கிடந்தது.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவளோடு படித்த பிரீத்திகா, இவளைவிட மார்க் குறைச்சல், ஸ்வீட் டப்பாவோடு வந்தாள். நர்ஸிங் சீட்டு, தேனியில். எப்படிக் கண்ணு என்றேன். “நான் நாப்பத்திரண்டு காலேஜ் போட்டேனுங்க அத்தை” என்றாள். அந்த மைசூர்பாவை நான் தின்னாமல் உன் மச்சானிடம் கொடுத்தேன், சர்க்கரையினால் இல்லை, உன்னால். நாப்பத்திரண்டு வீட்டில் ஜாதகம் கொடுத்தவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஒரே வீட்டை நம்பி மானத்தோடு உட்கார்ந்த நம் பிள்ளை பாத்திரம் கழுவுகிறது. ஊரார் பிள்ளைகளுக்கு நீ பார்க்கிற பொருத்தத்தை இனி யார் நம்புவார்கள்? நீ முடித்துவைத்த கல்யாணம் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இப்போது காதைக் கொடுத்துக் கேள். இரண்டாவது சுற்று திறந்திருக்கிறார்கள். புதிதாக வரிசை கொடுக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். உள்ளே போக ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி யாருடைய போனுக்கு வரும்? “அக்கா போன்ல சார்ஜே நிக்கறதில்ல, என்ற நம்பரைப் போடு அம்மணி” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னானே ஒரு மகராசன், அவன் போனுக்கு. அவனோ ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிறான். நேற்று நவ்யா ஆறு தடவை அழுத்திப் பார்த்தாள். என் பிள்ளையின் தலையெழுத்து ஆறு தடவை பவானிக்கு வந்து, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கிறது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். போனைத் திற. நம்பரைச் சொல். அதோடு நமக்குள் தீர்ந்தது. இனி தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு என் வாசப்படி மிதிக்காதே. இவளுக்கு ஒரு நல்லது நடக்கும்போது மாமன் சீரை உன் மச்சானே கொண்டுவந்து உன் மச்சானே வாங்கிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் “அக்கா, கறி எடுத்தாச்சா?” என்று வருவாயே, இனி எடுத்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

லோகநாயகிக்கு என் ஆசீர்வாதம், அவள் மேல் தப்பில்லை. உன் மாமனாருக்கு வணக்கம். உனக்கும் ஆசீர்வாதம் எழுதாமல் கடுதாசி முடிக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்: நீண்ட ஆயுளோடு இரு, நான் திட்டி முடிக்க நாளாகும்.

இப்படிக்கு,
முன்பு உன் அக்காவாக இருந்த
ராமாத்தாள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று யுவஸ்ரீக்குப் படித்துக் காட்டினேன். தாத்தா ஊசி வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். தாய்மாமன் இல்லை என்கிற இடம் வந்ததும் ஓவென்று அழுதாள். “மாமனைத் திட்டாதீங்கம்மா. ஒரே காலேஜ் போடச் சொன்னது நாந்தான்” என்கிறாள். ஏண்டி என்றேன். “ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறதுன்னா படிப்பே வேண்டாம்னு பன்னெண்டாவது ரிசல்ட் வந்த அன்னைக்கே ரோட்டுல நின்னு சொன்னீங்கல்ல? ஊட்ல இருந்து பஸ்ஸுல போற தூரத்துல, நம்ம காசுக்குக் கட்டுப்படியாவறது அதொண்ணுதான். தேனியில கெடைச்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா? கெடைச்சும் போவ முடியாம அழுவறதுக்கு, கெடைக்காமயே அழுதுக்கலாம்னு நெனைச்சேன்” என்கிறாள். காலேஜ் ஆபீஸ்காரரும் இல்லையாம், அவருக்குப் பையனும் இல்லையாம். சாதகம், வீடு, பேச்சு எல்லாம் நீ அந்த பிரவுசிங் சென்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜோடித்ததாம். அம்மாகிட்டச் சொல்லக்கூடாது என்று அவள் உன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாளாம். நான் நாலு வார்த்தை அதட்டினால் நீ உளறிவிடுவாய் என்று பயந்துதான் போனை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அட பாவி, இப்போது நான் யார் மேல் கோபப்படுவது? உன் மச்சானிடம் கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்க்கிறார். யார் மேல் என்று தெரிந்துதான் பார்க்கிறார்.

வேறு எழுத நேரமில்லை, கையும் வலிக்கிறது, ஆகவே மேலே எழுதியதை அடிக்கவில்லை. அதை அட்வான்ஸாக வைத்துக்கொள், அடுத்த தப்புக்குக் கழித்துக்கொள்ளலாம். யுவஸ்ரீ இப்போது தரையில் உட்கார்ந்து காலேஜ் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். சேலம், தேனி, திருநெல்வேலி என்று கீழே போய்க்கொண்டே இருக்கிறது, நானும் தடுக்கவில்லை, நாகர்கோவில் வந்ததும் மட்டும் அடுப்படிக்கு எழுந்து போனேன். போய்விட்டு வந்து, அதையும் போடு கண்ணு என்றேன்.

போனைத் திற, சாமி. அந்த நம்பர் பத்து நிமிஷத்தில் செத்துப்போகுமாம். வந்ததும் பிள்ளையிடம் சொல். சொல்லிவிட்டு வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல்.