ஆர்ச்சி மாட்டிய கேடயம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நீனியன் அண்ணனுக்கு, ஆர்புரோத்திலிருந்து தங்கை எஃபி எழுதுவது.

இங்கே நானும் மகள் மிர்ரனும் நாயும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் அருமை மைத்துனர், என் வீட்டுக்காரர் ஆர்ச்சியைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

காலமெல்லாம் மீன் பொரித்து விற்ற மனுஷன், கடையை விற்ற கையோடு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? எடின்பரோவுக்குப் போனார். கோட்டைக்குப் போகிற வழியில், சுற்றுலாக்காரர்களுக்குக் குடையும் சாவிக்கொத்தும் விற்கிற ஒரு கடையில், பேரைச் சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டி, உங்கள் வம்சத்துச் சின்னம் இதுதான் என்று ஒரு கேடயப் படம் எடுத்துக் கொடுக்கிறார்களாம். இவர் "மெல்ட்ரம்" என்றிருக்கிறார். வந்து விழுந்தது நீலக் கேடயம், நடுவில் கத்தி பிடித்த கை, கீழே மூன்று முரசு. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. வாசல் கேட்டில் கேடயம், சூப்புத் தட்டில் கேடயம், நாயின் கழுத்துப் பட்டையில் கேடயம். அந்த நாய் அதற்கப்புறம் வெளியே வரவே கூச்சப்படுகிறது, இவருக்கு அந்தக் கூச்சமும் இல்லை. கொட்டுகிற மழையில் தபால்காரரை நிறுத்திவைத்து, "நீலம்னா விசுவாசம், கைன்னா வீரம், முரசுன்னா எங்க முன்னோர் படைக்கு முன்னால நின்னு கொட்டினது" என்று பாடம் எடுக்கிறார். இவர் அப்பா என்ன கொட்டினார் என்று எனக்குத் தெரியாதா? துறைமுகத்தில் மீன் குடலைத் தொட்டியில் கொட்டினார்.

இது ஏதோ பைத்தியம் என்று விட்டிருப்பேன். மிர்ரன் கல்யாணத்திலேயே கை வைத்தால் எப்படிப் பொறுப்பது? மாப்பிள்ளைப் பையன் ஈவனும் மெல்ட்ரம்தான். நமக்கு உறவில்லை, மலைப்பக்கத்து வேறு மெல்ட்ரம், ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார்கள். அவன் அப்பா டூகல்ட் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரும், கதவைக் கயிற்றால் கட்டிய காருமாக வருவார். அது போதாதா இவருக்கு!

"அவங்க வீட்டுச் சுவத்துல ஒரு கேடயம் உண்டா? ஆட்டுத் தோல்தான் தொங்குது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"அவங்களும் மெல்ட்ரம்தானேய்யா!" என்றேன் நான்.

"பேரு ஒண்ணா இருந்தா வம்சம் ஒண்ணாயிடுமா?"

பெண் சாப்பாட்டைத் தொடவில்லை, அண்ணா. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். ஒரு தகரத் துண்டுக்காக இவள் வாழ்க்கை போகிறதே!

வேண்டாம் என்பதையும் விருந்து வைத்துத்தான் சொல்வார்களாம் உயர்ந்த வம்சத்தில். ஞாயிற்றுக்கிழமை டூகல்ட்டைக் கூப்பிட்டார். அவர் கேட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார். சூப்பு குறையக் குறையத் தட்டின் அடியில் கேடயம் தெரிந்தது. நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது எங்க முன்னோர் போர்ல பிடிச்ச குத்துவாள்."

டூகல்ட் ரொட்டியால் தட்டைத் துடைத்துவிட்டு, "குத்துவாள் இல்லீங்க, மீன் அறுக்கிற கத்தி" என்றார்.

"என்னது?"

"கீழ இருக்கிறது முரசும் இல்ல. மீனுக்கு உப்புப் போட்டு வைக்கிற பீப்பாய். நீலம் கடல். எங்க தாத்தா மீன் அறுத்தே மேல வந்தவரு. அதை மறக்கக் கூடாதுன்னுதான் அரசாங்கத்துல இப்படிச் சின்னம் கேட்டு வாங்கினாரு. பத்திரம் என் பீரோவுல இருக்கு."

"இது மெல்ட்ரம் வம்சத்துச் சின்னமாச்சே!"

"வம்சத்துக்குன்னு கேடயம் ஏதுங்க நம்ம நாட்டுல? ஒரு கேடயத்துக்கு ஒரு ஆள்தான். இப்ப நான், எனக்கப்புறம் ஈவன். அடுத்தவன் மாட்டினா விசாரிக்க எடின்பரோவுல தனிக் கோர்ட்டே இருக்கு."

"நானும் மெல்ட்ரம்தானே..." என்றார் இவர்.

நான் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, "பேரு ஒண்ணா இருந்தா வம்சம் ஒண்ணாயிடுமா?" என்றேன். மிர்ரன் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோர்ட்டெல்லாம் எதுக்கு?" என்றார் டூகல்ட். "கேட்ல இருக்கிறதை மட்டும் இறக்கிடுங்க. தட்டு இருக்கட்டும், சூப்பு நல்லா இருக்கு. தேதி பேசலாமா?"

மறுநாள் மழையில் ஏணி போட்டு இறக்கினார். புத்தி வந்தது என்றா நினைக்கிறீர்கள்? இப்போது மதுக்கடையில் உட்கார்ந்து, "என் சம்பந்தி வீட்டுக் கேடயம் இருக்கே" என்று ஆரம்பிக்கிறாராம். எந்த மீனை மறைக்க இந்தக் கேடயத்தை மாட்டினாரோ, அதே மீனை வைத்து இப்போது பீற்றிக்கொள்கிறார். சிங்கமும் கழுகும் வரைந்த தகரத்துக்குப் பின்னால் ஒளிகிற ஜென்மங்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. நல்லவேளை, நாம் கிளென்னி வீட்டில் பிறந்தோம். நமக்கு இந்த வீண் ஜம்பம் கிடையாது.

கல்யாணம் அடுத்த மாதம். அண்ணியோடு முன்னதாகவே வந்து, நின்று நடத்திக் கொடுங்கள். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் எல்லோரையும் நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை எஃபி

பின்குறிப்பு: அந்த எடின்பரோ கடைக்குத் தற்செயலாகப் போக நேர்ந்தது. கிளென்னி என்றால் தங்கச் சிங்கம் வருகிறது, அண்ணா, என்ன கம்பீரம்! சட்டையில் குத்திக்கொள்ள அதே சிங்கம் போட்டு ஒரு புரூச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மீன் கத்தியோடு வந்து நிற்கும்போது பெண்ணின் அம்மா வெறுமனே நிற்க முடியுமா? அந்தச் சிங்கத்துக்குச் சொந்தக்காரர் யாராவது உங்கள் பக்கம் உயிரோடு இருக்கிறாரா என்று சத்தமில்லாமல் விசாரியுங்கள். இருந்தால், தயவுசெய்து கல்யாணத்துக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.