கூட வந்து கார் பார்ப்பவர்

பம்பாயில் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். வாங்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அடுத்தவர் வாங்கப் போகும்போது "நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த இனத்தில் ஒருவரைத்தான் இங்கே உங்கள் முன் நிறுத்தப் போகிறேன். அவருக்குச் சொந்தக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. அதனால் என்ன? அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர் சாம்பாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லையா?

எங்கள் செம்பூர் காலனியில் அவருக்கு வானமாமலை என்று பெயர். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். பஸ்ஸுக்கு நிற்கும்போது எந்தக் கார் கடந்து போனாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, "இஞ்சின் போரிங் போயிடுத்து" என்பார். காரில் போகிறவர் அது தெரியாமல் சிரித்துக்கொண்டே போவது பார்க்கப் பாவமாக இருக்கும்.

இவரிடம் மாட்டிக்கொண்டவர் கணேசபாண்டியன். தாராவியில் இரும்புச் சாமான் கடை, எங்கள் காலனியில் வீடு. மனைவி சொர்ணம்மாளுக்கு முழங்கால் வலி. பஸ்ஸின் குலுக்கலும் ஆகாது. மாதுங்காவில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டுமானால் குர்லாவில் இறங்கி, பாலத்துப் படியெல்லாம் ஏறி இறங்கி, வேறு ரயில் பிடிக்க வேண்டும். அந்தப் படிகளுக்குப் பயந்து தங்கையின் பிரசவத்துக்குக்கூடப் போக முடியவில்லை. புதுக் காருக்குப் பெயர் பதிந்து காத்திருந்தால் பிறந்த குழந்தையின் கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேரலாம் என்பதால், மனிதர் டிரைவிங் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்று பார்ப்பது என்று முடிவு செய்தார். அதை வானமாமலையின் காதில் விழும்படி சொன்னதுதான் அவர் செய்த ஒரே தவறு.

முதலில் குர்லாவில் ஒரு சர்தார்ஜியின் கராஜ். அங்கே நம்மவர் காட்டிய சாமர்த்தியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நாலு டயரையும் உதைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்தார். ஹாரனை அடித்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார். "சாப், சலாகே தேக்கோ" என்று சர்தார்ஜி சாவியை நீட்டினார், ஓட்டிப் பார்க்கச் சொல்லி. வானமாமலை அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, கணேசபாண்டியனைத் தனியே இழுத்துப் போனார்.

"இஞ்சினைப் பார்த்தீரா ஓய்? பளபளன்னு இருக்கு."

"நல்லதுதானே சார்?"

"அசடா நீர்? எதையோ மறைக்கறான்! உழைக்கற இஞ்சின் அழுக்காத்தான் இருக்கும்."

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மாதுங்காவில் சங்கரநாராயணன் வீடு. ரிடயரான ஆபீசர், வண்டியை விற்கிறார். வாசலில் கறுப்பாக நின்ற வண்டியை நம் நிபுணர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் உட்கார்ந்து, வண்டிக்காரரை ஓவர்ஹால் செய்ய ஆரம்பித்தார். சொந்த ஊர் எது, கல்லிடைக்குறிச்சியா, எந்தத் தெரு, அகத்துப் பெரியவர் பெயர் என்ன, அப்படியானால் ரயில்வேயில் இருந்த கிட்டு உங்களுக்கு என்ன வேணும் என்று கிளறிக் கிளறி, கடைசியில் அந்தக் கிட்டுவுக்கும் தன் அத்திம்பேருக்கும் ஒரே ஆபீஸ் என்று கண்டுபிடித்த அந்த நிமிஷத்திலேயே வண்டியின் பிரேக், கிளட்ச், பாட்டரி எல்லாம் பாஸாகிவிட்டன. அப்புறம் காபி வந்தது. வானமாமலை ஒரு வாய் குடித்தார். கண் சொருகியது. ரேடியேட்டரும் பாஸ்.

சங்கரநாராயணன் பாவம், நல்ல மனிதர். எதையும் மறைக்கவில்லை. "நான் இதை அதிகமா ஓட்டினதில்லை. ஆபீஸுக்கு டிரெயின்தான் சௌகரியம். வாசல்ல ஒரு வண்டி நிக்கட்டும்னு வாங்கினேன்" என்றார்.

வானமாமலை கணேசபாண்டியனை முழங்கையால் இடித்தார். "கேட்டீரா? தேய்மானமே இல்லை!"

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்திரலாமா சார்?"

"மெதுவாப் பேசும்! நம்ம ஜில்லாக்காரர். ஓட்டிப் பார்த்தா சந்தேகப்படறோம்னு நினைச்சுக்க மாட்டாரா? தவிர, ராகுகாலம் வரப்போறது. அட்வான்ஸைக் கையில் கொடும்."

"இஞ்சின் அழுக்கா இருக்கே சார்."

"உழைச்ச இஞ்சின் ஓய் அது!"

ஓடாத வண்டி எப்படி உழைத்தது என்று கேட்க கணேசபாண்டியனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ராகுகாலம் காத்திருக்காது. சங்கரநாராயணனின் தெருவில் ஒரு டிரைவர் இருந்தான். அவன் அந்த வாரமே வண்டியை எப்படியோ செம்பூரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவசரமாகப் பஸ் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்க, தங்கை வீட்டுக்குப் பயணம். முன் சீட்டில் சொர்ணம்மாள், மடியில் குழந்தைக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு. பின் சீட்டில் வானமாமலை, வராமல் இருப்பாரா? செம்பூர் தாண்டியதும் வண்டி இருமியது. "புதுக் கை, அதான்" என்றார். இன்னும் கொஞ்சம் போனதும் புகைந்தது. "சூடு ஏறினா சரியாப் போகும்" என்றார். சயான் வந்தபோது நன்றாகவே சூடு ஏறி, கொட்டுகிற மழையில், நடு ரோட்டில் வண்டி நின்றது. தள்ளினார்கள், கும்பிட்டார்கள், திட்டினார்கள். அது சங்கரநாராயணன் வீட்டு வாசலில் எப்படி நின்று பழகியதோ, அப்படியே நின்றது.

அந்த மழையில் எந்த டாக்ஸி நிற்கும்? நனைந்த புடவையோடு தங்கை வீட்டுக்குப் போக சொர்ணம்மாளுக்கு மனமில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு மூவரும் சயான் ஸ்டேஷனுக்கு நடந்து வீட்டுக்கு ரயில் ஏறினார்கள். வீட்டுக்கு என்றால் எப்படி? குர்லாவில் இறங்கி, அதே பாலம், அதே படிகள்.

பாதிப் படியில் சொர்ணம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர். வானமாமலை இரண்டு படி மேலே நின்று, "நான் அப்பவே நினைச்சேன், சர்தார்ஜி வண்டியையே முடிச்சிருக்கலாம்" என்றார்.

சொர்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "அந்த வீட்டுல காப்பி நல்லா இருந்துச்சுன்னீயளே?"

"ஆமா..."

"அப்பம் காப்பிய வாங்கிட்டு வந்திருக்கலாம்லா?"

எனக்கு அந்த அம்மாளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தங்கை குழந்தை நடக்க ஆரம்பித்து, தானே செம்பூர் வந்து கொலுசை வாங்கிக்கொண்டு போயிற்று. கார் காலனி வாசலில் நிற்கிறது; அதன் பானெட்டில் துணி நன்றாகக் காய்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் தாராவியில் பக்கத்துக் கடைக்காரர் தனசீலன், கடைச் சாமான் ஏற்ற ஒரு பழைய வேன் பார்க்கப் போவதாகச் சொல்ல வந்தார். கணேசபாண்டியன் சாப்பாட்டில் பாதியில் எழுந்தார். "தனியாப் போகாதீரும், ஏமாத்திருவானுவ. நான் பட்டவன்லா, எனக்குத் தெரியும். நானும் வர்றேன்" என்று சட்டையை மாட்டினார். உள்ளேயிருந்து சொர்ணம்மாளின் குரல் வந்தது: "எதுனாலும் ஓட்டிப் பாருங்க. அங்க காப்பி மட்டும் குடிச்சிராதீய!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஒரு பழைய ரேடியோ வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லட்டும். அப்போது உங்கள் கால் செருப்பைத் தேடுகிறதா இல்லையா என்று மட்டும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.