போட் தரப்பும் ஸ்கூட்டர் தரப்பும்

இல்ல சூரியபிரகாஷ், நான் தண்ணிக்குப் பயந்து கரையில நின்னேன்னு நீ சொல்றது பொய். நான் நிக்கவே இல்ல. ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டிருந்தேன்.

சௌமியா ஸ்டேட்டஸ்ல இருந்து சுட்டு, கிளாஸ் வாட்ஸப் குரூப்ல நீ போட்ட போட்டோவ நீயே பெருசு பண்ணிப் பாரு. பாலாத்துல ஆரஞ்சு கலர் ரப்பர் போட். அதுல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி என் பொண்டாட்டி சௌமியா. செல்ஃபி எடுக்கறவ, அவ கூட ஆம்பூர் ஷூ கம்பெனில வேலை செய்யற ஷர்மிளா. பின்னாடி கரை ரோட்ல, கால் நடுவுல சோத்து டப்பா, கழுத்துல காத்தடிக்கிற பம்ப், ஸ்கூட்டர்ல போறது நான். சட்டை முதுகுல உப்பியிருக்கு பாரு. நிக்கிறவன் சட்டை உப்புமா? சாட்சியச் சட்டத்துல அரியர் வெச்சவனுக்கு இது எங்க புரியும்.

அந்த ட்ரிப்ப பிளான் பண்ணதே நான்தான். நடந்தத வரிசையா சொல்றேன். குறுக்க டைப் பண்ணாத.

நம்ம பாலாத்துல வருஷத்துல பத்து மாசம் கிரிக்கெட் ஆடுவாங்க. இந்த ஐப்பசில தண்ணி வந்துச்சு. மொத வாரம் வெள்ளம். ஊரே பாலத்து மேல நின்னு போட்டோ எடுத்துச்சு. மூணாவது வாரம் அடங்கி, இடுப்பளவுல, மேஞ்சிட்டு வீட்டுக்குப் போற எருமை மாதிரி நிதானமா போய்க்கிட்டிருந்துச்சு.

அதே வாரம் வீட்ல ஒரு சிக்கல். சௌமியா கம்பெனில க்யூ.சி. ஒரு தையல் கோணலா இருந்தா மொத்த அட்டப்பெட்டியையும் திருப்பி அனுப்பறவ. ஷிப்மெண்ட்டுன்னு அஞ்சு ஞாயித்துக்கிழமை தொடர்ந்து வேலைக்குப் போனா. ஆறாவது ஞாயிறு லீவு.

"இந்த ஞாயிறு நான் ஒரு துரும்பக் கூட நகத்த மாட்டேன். எல்லாம் நீங்க" அப்டின்னா.

எல்லாம்னா, சமையல், பாத்திரம், மலை மாதிரி அஞ்சு வாரத்துத் துணி. நான் சட்டம் படிக்கிற மாணவன். நாள் பூரா வீட்லயே இருக்கேன்னு சொல்றாங்க. படிச்சுக்கிட்டு இருக்கேன்னு யாரும் சொல்றதில்ல.

அப்பதான் எனக்கு ஐடியா. தோஸ்த் ஜீவா கிட்ட ரெண்டு பேர் உக்கார்ற ரப்பர் போட் இருக்கு. மாதனூர் பக்கம் ஏறி, பள்ளிகொண்டாவுக்கு முன்னாடி எறங்கலாம். துடுப்பு கூட ஜாஸ்தி போட வேணாம், தண்ணியே இழுத்துக்கும். ஆனா போட் கீழ மட்டும்தான் போகும். வண்டிய ஏறற எடத்துலயே விட்டுட்டா, எறங்கற எடத்துல இருந்து ஈர பேன்ட்டோட நடக்கணும். அதனால யாராவது ஒருத்தர் ரோட்ல வண்டிய எடுத்துக்கிட்டு வரணும். அந்த ஒருத்தர்தான் என் பிளானோட உயிர்நாடி. வெள்ளைத் தாள்ல ஒப்பந்தமா எழுதினேன்.

"இன்னாங்க இது, தரப்பு தரப்புன்னு போட்டிருக்கு?"

"சட்டத்துல பேர் போட மாட்டோம் சௌமியா. போட் தரப்பு, ஸ்கூட்டர் தரப்பு. பேர் போட்டா மரியாதை இல்ல."

"ஸ்கூட்டர் தரப்பு இன்னா பண்ணணும்?"

"சும்மா ஓட்டணும். காத்து வாங்கணும்."

"சோறு?"

"ஸ்கூட்டர் தரப்பு கிட்ட இருக்கும்."

"இருக்கும்னா? ஆக்கறதா, தூக்கறதா?"

"ரெண்டும்."

"போட்டுக்குக் காத்தடிக்கறது?"

"பம்ப் ஸ்கூட்டர்லதான வருது."

"வீட்டுக்கு வந்து போட்ட கழுவி மாடில காயப்போடறது?"

"ஏத்தினவங்கதான எறக்கணும்."

"அஞ்சு வாரத்துத் துணி?"

இங்க நிறுத்தியிருக்கணும். பேராசை. "அதுவும் ஸ்கூட்டர் தரப்பு. சனிக்கிழமைக்குள்ள."

"போட் தரப்புக்கு?"

"ஆத்த கவனிக்கணும்."

அவ ரெண்டு தடவ படிச்சா. "நல்லாருக்குங்க" அப்டின்னா. க்யூ.சி. ஒருத்தி நல்லாருக்குன்னு சொன்னா சந்தேகப்படணும். நான் சந்தோஷப்பட்டேன். பாதி வழில போட்ல நானும் வர்றேன்னு கேட்டுடப் போறாளேன்னு, நடுவுல இன்னொரு வரி நுழைச்சேன்: போட் தரப்புக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கணும்.

"பாதுகாப்பு முக்கியம்" அப்டின்னேன்.

"முக்கியம்தாங்க. உங்களுக்குத் தெரியும் இல்ல? பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னீங்களே."

அன்னிக்கு நான் சொன்னது முழுப் பொய் இல்ல. சத்துவாச்சாரில மாமா வீட்டு தண்ணித் தொட்டில விழுந்து பொழச்சிருக்கேன்.

"சரி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம். ஆனா சாம்பிள் டெஸ்ட் பண்ணாம நான் எதையும் பாஸ் பண்றதில்ல. சனிக்கிழமை எங்கப்பா கிணத்துக்குப் போய்டலாம். சூரியபிரகாஷையும் வரச் சொல்லுங்க."

ஆமா சூரியபிரகாஷ். போட்ல ரெண்டாவது சீட்டு உனக்குன்னுதான வெச்சிருந்தேன். கிணறுன்னதும் உனக்கு எங்க இருந்து வந்துச்சு அந்த ஜுரம்? இதையும் குரூப் தெரிஞ்சுக்கட்டும்.

சனிக்கிழமை பள்ளிகொண்டா தாண்டி மாமனார் துரைசாமியோட நெலம். சௌமியா துப்பட்டாவ இடுப்புல இறுக்கினா. பம்ப்செட் ரூம் மேல ஏறினா. குதிச்சா. ரொம்ப நேரம் வரல. நான் கவலைப்படறதா, ஒப்பந்தம் ரத்தாச்சுன்னு நெனைக்கறதான்னு யோசிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் தலை தூக்கினா.

"ஏழு வயசுலயே கத்துக்கிச்சு மாப்ள. சொல்லலயா?" மாமனார் கேட்டாரு.

"கேக்கல மாமா."

என் முறை வந்துச்சு. படில எறங்கினேன். நாலாவது படில நின்னு வாதாட ஆரம்பிச்சேன். கிணத்துத் தண்ணி நிக்கற தண்ணி, ஆத்துத் தண்ணி ஓடற தண்ணி, அதனால இந்த டெஸ்ட் செல்லாது. கால் மணி நேரம் பேசினேன். கோர்ட்டா இருந்தா ஸ்டே வாங்கியிருப்பேன்.

மாமனார் பொறுமையா கேட்டாரு. "நல்லா பேசறீங்க மாப்ள. தண்ணி இன்னும் ஏழு படி கீழ இருக்குது."

சௌமியா ஈரத் தலைய பிழிஞ்சுக்கிட்டே தாள எடுத்தா. "அப்ப நீங்க ஸ்கூட்டர் தரப்பு. மணி மூணு. வெயில் போறதுக்குள்ள துணிய ஆரம்பிங்க."

ரெண்டாவது சீட்டு ஷர்மிளாவுக்குப் போச்சு. அவளும் அதே கிணத்துல கத்துக்கிட்டவளாம்.

ஞாயித்துக்கிழமை காலைல புளிசோறு கிளறினேன். மசால் வடை சுட்டேன். மாதனூர்ல போட்டுக்குக் காத்தடிச்சேன். அவங்க கால நீட்டி உக்காந்தாங்க. அப்புறம் ஆறு எங்க ரோட்ட ஒட்டி வருதோ, அங்கல்லாம் நின்னு சோறு தண்ணி குடுத்தேன். சரி, ஒத்துக்கறேன், அங்க நின்னேன். அது கடமை. பயம் இல்ல.

"ஸ்கூட்டர் தரப்பு, மோர் இருக்கா?"

"இருக்கு."

"இஞ்சி கம்மியா இருக்குங்க."

பாதி தூரத்துக்கு மேல சௌமியா போட்லயே தூங்கிட்டா. வாய லேசா தெறந்துக்கிட்டு. ஷிப்மெண்ட் ஆரம்பிச்சதுல இருந்து அவ அப்டி தூங்கி நான் பாக்கல. ஹாரன் அடிக்காம போனேன். இத குரூப்ல சொல்லணும்னு அவசியம் இல்ல. டைப் பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து போட்ட கழுவி மாடில காயப்போட்டேன். அதோட முடிஞ்சதுன்னு நெனைச்சேன்.

திங்கக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ல இருந்து எறங்கினவ, அந்தத் தாளோட வந்தா.

"எங்க லைன்ல பதினோரு பொண்ணுங்க வர்றேன்றாங்க. வாரத்துக்கு ஒருத்தியா கூட்டிக்கிட்டுப் போறேன். வடை இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு வேணுமாம்."

"வாராவாரமா? ஒரு தடவைக்குதான ஒப்பந்தம்."

"கடைசி வரிய படிங்க."

படிச்சேன். என் கையெழுத்துதான். எழுதறப்ப கம்பீரமா இருக்கட்டும்னு நானே போட்டது: 'இந்த ஒப்பந்தம் பாலாத்தில் தண்ணீர் உள்ளவரை செல்லும்.'

அதனால சூரியபிரகாஷ், போட்டோவ விடு. உங்கப்பா ஆத்துத் தண்ணி அளக்கற ஆபீஸ்லதான இருக்காரு. அவர் கிட்ட கேட்டு, பர்சனல்ல வராம, இதே குரூப்ல, எல்லாரும் பாக்கற மாதிரி பதில் போடு: பாலாறு எப்ப வத்தும்?