கோபுரம் அழும் நிறம்

மனித குலத்தின் துயரத்தைத் துல்லியமாக நிறுக்கத் தெரிந்த ஊர் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது சுவீடன் நாட்டு லில்லவீக். வெளிநாட்டில் பயங்கரவாதிகள் குண்டு வைத்தால், அந்த நாட்டுக் கொடியின் நிறத்தில் நகர்மன்றக் கோபுரத்துக்கு விளக்குப் போடுவார்கள். எந்தக் குண்டுக்கு விளக்கு, எதற்கு வெறும் பெருமூச்சு என்று தீர்மானிக்க 'அனுதாபக் குழு' இருக்கிறது. அதற்கு இரங்கல் வாசகம் எழுதுபவள் ஹோடன். சோமாலியாவிலிருந்து சிறுமியாக வந்தவள். இன்று சுவீடிஷ் மொழியில் அவளைப் போலக் கண்ணீர் வடிக்க ஆளில்லை.

வியன்னாவில் குண்டு வெடித்தபோது கோபுரம் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வாரம் அழுதது. உள்ளூர்க்காரன் ரூனே அகதிகள் விடுதிக்குத் தீ வைத்தபோதுதான் குழு கொஞ்சம் திணறிப் போனது. பிறகு, அவன் தனிமையில் வாடியவன், தூண்டில் போடுவதில் பிரியமுள்ளவன் என்று கண்டுபிடித்துத் தெளிந்தது. தனிமைக்கு ஏது கொடி? 'பயங்கரவாதம்' என்பதை அடித்துவிட்டு 'அசம்பாவிதம்' என்று எழுதிக் கொடுத்தாள் ஹோடன்.

இந்த வாரம் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவின் சந்தையில் குண்டு வெடித்தது. ஹோடனின் அண்ணன் குலெத் செத்துப்போனான். சனிக்கிழமையே குழு கூடியது. அவள் கேட்டது ஒரே ஒரு சாயங்காலம், சோமாலியக் கொடியின் வெளிர்நீலத்தில் விளக்கு. அங்கே தனியாக அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

காபியும் ஏலக்காய் பன்னும் வராமல் அந்த ஊரில் எந்தத் துக்கமும் தொடங்காது. வந்தன. தலைவர் லென்னார்ட் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா ஹோடன். ஆனா உங்க கொடியில நட்சத்திரம் இருக்கே. கோபுரத்துல நட்சத்திரம் வராது."

"நட்சத்திரம் வேணாம். நீலம் போதும்."

"வெளிர்நீலமா? அது நம்ம விளக்குக்கு ஒத்துவராத நிறமாச்சே!"

குழுவின் மனசாட்சியான பிர்கித்தா பன்னைக் கீழே வைத்தாள். "அங்க இது அடிக்கடி நடக்குதே. ஒவ்வொண்ணுக்கும் போட்டா கோபுரத்த அணைக்கவே முடியாது. மின்சாரச் சிக்கனம்னு ஒண்ணு இருக்குல்ல? ஆமா, உன் அண்ணன் அந்த நேரத்துல அங்க என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"தக்காளி வாங்கிட்டிருந்தான்."

"தக்காளி மட்டுமா?"

"வெங்காயமும். வியன்னாவுல செத்தவங்க என்ன குடிச்சிட்டிருந்தாங்கன்னு நாம கேட்டோமா பிர்கித்தா?"

"அது வேற. வியன்னாவுக்கு நான் போயிருக்கேன்."

லென்னார்ட் எழுந்துவிட்டார். "'ஆழ்ந்த கவலை'ன்னு ஒரு வரி போட்டுடலாம். நீயே எழுதிடும்மா, உனக்குத்தான் நல்லா வரும். எனக்கு மூணு மணிக்கு அவசர வேலை." கழுத்தைச் சுற்றி நீலக் கம்பளித் துண்டை இறுக்கிக்கொண்டு ஓடினார்.

ஹோடன் எழுதினாள். 'அசம்பாவிதம்' என்றுகூட எழுத முடியவில்லை. தூரத்து நாடுகளுக்கு 'அங்குள்ள நிலவரம்' என்பதே குழுவின் வழக்கம். நிலவரத்தில் செத்தவனுக்குப் பெயர் போடும் வழக்கமும் கிடையாது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. அவள் அப்படியே நின்றாள். கோபுரம் உச்சி முதல் அடிவரை வெளிர்நீலம், ஓரங்களில் வெள்ளை! பாவம் லென்னார்ட், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"பாரும்மா! நம்ம நிறம்!"

அம்மா திரையைத் தடவினாள். "நம்ம குலெத்துக்கா? முகம் தெரியாத பிள்ளைக்கு இப்படியா! எவ்வளவு பெரிய மனசுடி அந்த ஊருக்கு!"

அந்த நேரம் பார்த்து நீலத்துண்டுக் கூட்டம் ஒன்று சதுக்கத்துக்குள் பாய்ந்தது. முன்னால் லென்னார்ட். ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"நாலுக்கு ஒண்ணு! நம்ம கால்பந்துப் பசங்க மேல் டிவிஷனுக்குப் போயிட்டாங்க! அட, நீயும் அழுறியா? இதாம்மா ஊர்ப்பாசம்! நம்ம டீம் நிறம் ஒரு வாரம் எரியட்டும்னு சொல்லிட்டேன்!"

அம்மாவுக்கு சுவீடிஷ் தெரியாது. "யாருடி அது? அவரும் அழுறாரே, பாவம். என்ன சொல்றாரு?"

ஹோடன் கோபுரத்தைப் பார்த்தாள்.

"பெரிய மனசுதான்மா. ஆனா நாலு கோல் போட்டாத்தான் திறக்குமாம். நம்ம குலெத் ஒண்ணுகூடப் போடலையே."