நிட்டிங் ஷெட்டில் ஓர் ஒத்திகை

காது ஒழுங்காக இருந்தால் போதும், யார் பேசினாலும் புரிந்துவிடும் என்றுதான் இருபத்தைந்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். (அந்த வயதில் நான் நம்பியவற்றில் இது ஒன்றுதான் வெளியே சொல்லக்கூடியது.)

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அப்போது நான் புது சூப்பர்வைசர். பனியன் துணி பின்னும் மெஷின்கள் ஓடும்போது என் குரலே எனக்குக் கேட்காது. ஆனால் ஆபரேட்டர் பழனி அண்ணன் இந்த மூலையில் வாயசைப்பார். அந்த மூலையில் இருப்பவர் தலையாட்டிவிட்டு மெஷினில் நூல் சுற்றிய கோனை மாற்றுவார். ஏதோ சைகை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

துணி செக்கிங்கில் இருந்த சுமதியிடம் என் மனதைச் சொல்லியாக வேண்டும். தைரியம் வர வேண்டுமே! ஒரு சனிக்கிழமை, இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று, ஓடும் மெஷின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன்.

"சுமதி, உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?"

திருப்தியில்லை. நெஞ்சில் கை வைத்து இன்னொரு முறை சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் ஷெட்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நின்ற சுமதியும்தான். முகம் சிவக்க, வாயை மட்டும் அசைத்து ஏதோ நீளமாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. சரி என்பதை இவ்வளவு நீளமாக யாராவது சொல்வார்களா? திட்டுதான் என்று முடிவுகட்டி, ஞாயிறு முழுவதும் போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்தேன்.

திங்கட்கிழமை பழனி அண்ணன் கம்பெனி கேட்டிலேயே மறித்தார்.

"ஏனுங்க, நேத்து ஏன் அந்தப் புள்ள ஊட்டுக்குப் போகல? அவிங்கப்பா வெள்ளச் சட்ட போட்டுட்டு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தாருங்க."

"என்னை யாருங்க கூப்பிட்டது?"

"அந்தப் புள்ளதான் சொல்லுச்சே! 'நாளைக்கு ஊட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பேசுங்க'ன்னு. ஷெட்டுல அத்தன பேருக்கும் புரிஞ்சுதுங்களே?"

"எப்படீங்க புரியுது?"

"பாதி வாயப் பாத்துங்க. மீதி, ஆளு என்ன சொல்லுவாங்கன்னுதான் தெரியுமில்லீங்க. நீங்க ரெண்டு மாசமா செக்கிங் பக்கமே சுத்தறீங்க. 'சுமதி'ன்னு வாயெடுத்ததுமே மிச்சம் வெளங்கிப்போச்சு."

எனக்கு வெட்கத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் இவர்கள் கேட்டு முடித்திருக்கிறார்கள்! அன்று மாலையே அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதல் கேள்வியைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"தம்பிக்கு... காது... கேக்குமுங்களா?"

இன்றும் மிக்ஸி ஓடும்போது சுமதி வாயை மட்டும்தான் அசைப்பாள். நான் திருதிருவென்று விழிப்பேன். உடனே எங்கள் மகள் மொழிபெயர்ப்பாள்.

"சாப்பிட வரச் சொல்றாங்கப்பா. இந்தத் தடவையாவது திங்கக்கெழம வரைக்கும் இழுக்காதீங்க."