ஆன்லைனில் போன மானம்

மானம் போவதற்கு நல்ல சிக்னல் ஒன்று போதும். கோவளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில், அது தாராளமாகவே கிடைத்தது.

ஊரடங்குக் காலம். நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. (கல்லூரி அப்போது ஃபோன் திரையில் உள்ளங்கை அகலம்தான்.) கேமராவை அணைத்துவிட்டுப் பாயில் படுத்தபடி வகுப்பைக் கேட்பேன். கேட்பேன் என்பதே மிகை. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். எனக்கெல்லாம் இப்படி ஆகுமா என்ற திமிர்.

அந்த நேரத்தில்தான் கல்லூரி, 'மாணவர் மனநலம்' என்று ஆன்லைனில் ஒரு கூட்டம் வைத்தது. ஆலோசகர் அம்மையார் ஒருவர், "மூச்சை மெதுவா இழுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, காயும் கருவாட்டைப் புரட்ட மாடிக்கு வந்தாள்.

"இன்னாடி, இன்னும் பட்த்துகினு கீற? துன்னியா?"

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"மூச்ச இழு, மூச்ச வுடுன்னு இந்த மேடம் சொல்லிகினே கீது. எனக்கு அழுகதாம்மா வருது. தூக்கமே இல்ல. புக்க தொட்டாலே பயமா கீது."

அம்மா கருவாட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எவ்ளோ நாளா? என்னாண்ட ஏன்டி சொல்லல?"

ஃபோனிலிருந்து ஆலோசகரின் குரல்: "உங்க மைக் ஆன்ல இருக்கும்மா."

முதல்வர் உட்பட மொத்தக் கல்லூரியும் கேட்டிருக்கிறது! பதறிப்போய் மைக்கை அணைக்கப் பார்த்தேன், கேமரா திறந்துகொண்டது. (நைட்டி, எண்ணெய் வழியும் தலை, பின்னால் கருவாடு.) ஃபோனைக் கடலிலேயே வீசியிருப்பேன், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"மேடம், எம்பொண்ணு அழுவுது. இன்னா பண்லாம், சொல்லு."

திரை முழுக்கச் செதில் ஒட்டிய விரல்கள். ஆலோசகர் சிரிக்கவில்லை. "நல்லா கேட்டீங்கம்மா. நான் அவளோட தனியா பேசறேன்" என்றார்.

பிறகு, வகுப்பில் வாயே திறக்காத மணி மைக்கைத் திறந்தான். "எனக்கும் அப்டித்தான் கீது மேடம்." அடுத்து இன்னொருத்தி. சீக்கிரம் முடியவேண்டிய கூட்டம் சாயங்காலம் வரை போயிற்று.

அதன்பின் ஆலோசகர் வாராவாரம் என்னோடு பேசினார். மெல்லத் தூக்கம் வந்தது. அரியர் இல்லாமல் டிகிரியும் வந்தது. இப்போது திருப்போரூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீட்டில் என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிவிட்டால் போதும், அம்மா மீன் ஆய்ந்துகொண்டே சொல்வாள்:

"சும்மா கெட. நீ காலேஜ்ல படிச்சவ. நான் காலேஜுக்கே ஸ்பீச் குட்த்தவ."